கேள்வியைத் திருப்பிச் சொல்கிறவர்

“ரிஹானா கேட்ட கேள்வி: கலகம்னு ஒருத்தர் எழுதுறாரு, போராட்டம்னு இன்னொருத்தர் எழுதுறாரு, எத நம்புறது? இதுக்கு மட்டும்தான் இப்ப பதில் சொல்றேன் பேட்டா, சரியா?”

கார்த்திகா மிஸ் சமையல்கட்டில் நின்று போனில் பேசிப் பதிவு செய்கிறார். அதற்குள் தலைக்கு மேலே விமானம். போர்ட் பிளேர் விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தியில் வீடு பிடித்தவர்களுக்கு இது இலவச இணைப்பு. பதிவை அழித்துவிட்டு, சத்தம் ஓய்ந்ததும் “ரிஹானா கேட்ட கேள்வி” என்று முதலிலிருந்து தொடங்குகிறார்.

எம்.ஏ. வரலாறு படித்தும் பள்ளியில் வேலை கிடைக்காதவர். இலக்கியமோ தத்துவமோ சமூக அறிவியலோ, தீவுகளில் சிதறிக் கிடக்கும் பிள்ளைகள் சந்தேகம் என்றால் இவருக்குத்தான் அனுப்புகிறார்கள். தத்துவக் கேள்வி வந்தால் வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிடுவார். “கை சும்மா இருந்தா எனக்குத் தத்துவம் ஓடாது” என்பார். “இன்னிக்கு சாம்பார்ல தத்துவம் கொஞ்சம் தூக்கல்” என்று கணவர் ரவிக்குமார் சீண்டுவார்.

கேள்வியைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் மட்டும் முன்பு கிடையாது. அது ஃபைசானுக்குப் பிறகு வந்தது.

தெற்குக் கடைக்கோடித் தீவில், கேம்பல் பேயில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். கடலடிக் கேபிள் வராத காலம். அங்கே நெட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். பாடத்தில் உள்ள வருஷங்களை எல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டுமா என்று கேட்டிருந்தான். “வேணாம், விட்டுடு. உனக்கு அது தேவையில்ல” என்று மிஸ் பேசி அனுப்பினார். அது போய்ச் சேர்வதற்குள் அவன் இன்னொன்று கேட்டுவிட்டான்: மெயின்லேண்டு போய் பி.ஏ. ஹிஸ்டரி சேரட்டுமா? அந்தக் கேள்விக்கு அடியில் போய் உட்கார்ந்தது மிஸ்ஸின் பதில். “டீக் ஹை மிஸ்” என்று எழுதிவிட்டான்.

கேள்வியும் ‘டீக் ஹை’யும் மிஸ்ஸுக்குச் சேர்ந்தேதான் வந்தன. சரி என்றது வருஷங்களுக்கு என்று நினைத்துக்கொண்டார். படிப்பு விஷயத்தை நிதானமாகப் பேசலாம் என்று இன்று நாளை எனத் தள்ளிப்போட்டார். பேச உட்கார்ந்தபோது சேர்க்கை முடிந்திருந்தது. “நீங்க சொன்னபடியே விட்டுட்டேன் மிஸ், வாப்பா கடையில உக்காந்துட்டேன்” என்று அவனே சொன்னபோதுதான் நடந்தது புரிந்தது. வரலாறு என்றால் சோறு வேண்டாம் என்கிற பையன். அந்தப் பதில் வருஷங்களுக்கானது என்பதை மிஸ் அவனிடம் சொல்லவே இல்லை.

இப்போது கப்பலில் போர்ட் பிளேர் வரும்போதெல்லாம் ஃபைசான் தேங்காயும் கையுமாக வந்து நிற்கிறான். “நீங்க சொன்னது பராபர் மிஸ், சரியாத்தான் சொன்னீங்க. நான் போயிருந்தா, வாப்பாவுக்கு முடியாமப் போனப்ப யாரு பாத்திருப்பா?” அந்த நன்றிதான் மிஸ்ஸைப் போட்டு அறுக்கிறது. உண்மையைச் சொன்னால் அவனுக்கு இருக்கும் நிம்மதியும் போய்விடும். சொல்லாமல் இவருக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. கொடுத்த தேங்காயை அரைக்கவும் மனம் வராமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்.

ரிஹானாவுக்கு அனுப்பி முடித்ததும் மிஸ் போனை மறுபடி வாயருகே கொண்டுபோகிறார். “ஃபைசான் கேட்ட கேள்வி: மெயின்லேண்டு போய் ஹிஸ்டரி சேரட்டுமா…”

மேலே விமானம் எதுவும் இல்லை. இருந்தும் பதிவை அழித்துவிட்டு, வெங்காயத்தை எடுக்கிறார்.