ஆறு வயசுப் பிள்ளையின் அளவு நூல்

என் மகள் ராக்குவை ஊருணித் தண்ணீர் வாய்க்குள் வாங்கப் பார்த்த நாளைப் பற்றி எழுதுகிறேன். பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் பயப்படுவார்கள். ஆனால் பெற்ற உதவியைச் சொல்லாமல் மூடி வைத்துக்கொள்வது திருடியதற்குச் சமம் என்று தோன்றுகிறது. அதனால் சாமியை நம்புகிற உங்கள் முன்னால் வைக்கிறேன்.

நான் சாக்கோட்டைப் பக்கம் பிறந்தவள். 1964இல் கொத்தமங்கலத்துக்குக் குடிவந்தோம். என் வீட்டுக்காரர் மதுரையில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தார். மாதம் ஒருமுறைதான் வருவார். ராக்குவுக்கு ஐந்து வயசு. இளையவன் கருப்பையா தவழ்கிற பிள்ளை. வீட்டிலேயே ஒரு தையல் மெஷினைப் போட்டு ரவிக்கை, பாவாடை, சட்டை தைத்துக் கொடுத்தேன்.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு தைப்பது என்ன பாடு என்று தைக்கிறவளுக்குத்தான் தெரியும். ஒரு கால் மெஷினை மிதிக்கும். இன்னொரு கால் கட்டைவிரலில் தொட்டில் கயிறு. ராக்குவின் இடுப்பில் பழஞ்சேலைக் கிழிசலைக் கட்டி மறுமுனையை மெஷின் காலில் முடிந்துவிடுவேன். ஆட்டுக்குட்டியா பிள்ளையா என்று பார்த்தவர்கள் கேட்பார்கள். வீட்டுக்குப் பின்னால் நாற்பது அடியில் ஊருணி. கார்த்திகை மழையில் படி மூழ்க நிறைந்து கிடந்தது. கட்டாமல் என்ன செய்வேன்?

மார்கழிக் கடைசியில் தெருக்கோடிப் பெரிய வீட்டு உமையாள் ஆச்சி வந்தார்கள். கையில் சிவப்புக் கரை போட்ட பச்சைப் பட்டுத்துணி, கூடவே நாலு புரியாக முறுக்கிய ஒரு வெள்ளை நூல். நூலில் இடையிடையே முடிச்சு.

"செல்லம், எங்க வீட்டுச் சிட்டாளுக்குப் பாவாடையும் சட்டையும் தைக்கணும். வயசு ஆறு. அளவு நூல்ல இருக்கு. இந்த நுனி தோளு, முத முடிச்சு இடுப்பு, கடைசி முடிச்சு கணுக்காலு."

"பிள்ளையவே கூட்டியாந்தீகன்னா நல்லாப் பார்த்துத் தைப்பேனே ஆச்சி."

"அவ வரமாட்டா. நூல்படி தையி."

சரி, வெட்கப்படுகிற பிள்ளையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஊருக்குப் புதுசு, எனக்கு யாரைத் தெரியும்?

துணியை வெட்ட உட்கார்ந்த அன்று நூலைக் காணவில்லை. கருப்பையா வாயில் விரலை விட்டுப் பார்த்தேன். வெட்டுத்துணிக் குவியலைப் பிரித்துக் கொட்டினேன். தொட்டிலை உதறினேன். இல்லை. ஆச்சியிடம் போய்த் தொலைத்துவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஐந்துக்கும் ஆறுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று ராக்குவை நிறுத்தி அவள் மேலேயே அளவெடுத்தேன். தைத்து முடித்ததும் அவளுக்கே போட்டும் பார்த்தேன். பட்டுப் பாவாடையைக் கண்ட பிள்ளை கழற்ற மாட்டேன் என்று அழுதது. வலுக்கட்டாயமாக உருவி மடித்துக் கொடுத்தேன். நூல் எங்கே என்று ஆச்சி கேட்டார்கள். தேடித் தருகிறேன், நூல்படிதான் தைத்தேன் என்று கூசாமல் பொய் சொன்னேன்.

தையில் அவர்கள் வீட்டுச் சாமிக்குப் படைப்பு. என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் உள்கட்டு அறை ஒன்றில் மட்டும் விளக்கு. நான் தைத்த பாவாடை ஒரு மரப்பலகை மேல் இருந்தது. பக்கத்தில் இலையில் சோறு, பணியாரம், வளையல், சின்ன மரப்பாச்சி. இலைக்கு முன்னால் யாரும் இல்லை.

"சிட்டாளு எங்க ஆச்சி?" என்று கேட்டுவிட்டேன்.

"இந்தா இருக்காகள்ல" என்று பலகையைக் காட்டினார்கள். "எங்க வீட்டுக்காரகளுக்கு அக்கா. ஆறு வயசுல ஊருணில போயிட்டாக. நாப்பது வருசமாச்சு. வருசா வருசம் புதுப்பாவாடை வச்சுக் கும்புட்டு, ஓலைப் பேழைக்குள்ள வைப்போம். அவுகளுக்கு வயசு ஏறாதுல்ல, அதான் அதே நூலு."

செத்துத் தெய்வமான பிள்ளையின் பாவாடையை உயிரோடு இருக்கிற என் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் வீட்டில் ஒவ்வொன்றாக நடக்க ஆரம்பித்தது. உச்சி வேளையில் தெருவே ஆள் அரவமில்லாமல் கிடக்கும். பூட்டிய வீடுகள்தான் பாதி. அந்த நேரத்தில் கயிற்றை விட்ட பிறகும் தொட்டில் ஆடும். கருப்பையா சுவரைப் பார்த்துச் சிரிப்பான், யாரோ விளையாட்டுக் காட்டுகிற மாதிரி. சிமெண்டுத் தரையில் வெட்டுத்துணிக் குவியலுக்குப் பக்கத்தில் ஈரம். துடைப்பேன், மறுநாளும் இருக்கும். தண்ணீர்க் குடம் அடுத்த அறையில் இருந்தது.

ஒருநாள் ராக்கு மெஷினுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "அம்மா, அந்தப் பாவாட குட்டையா இருக்காம்."

"யாருடி சொன்னா?"

"ஈரக் காலோட வருமே, அந்த அக்கா."

அந்தப் பாவாடை யாருக்கு என்று நான் இவளிடம் மூச்சு விட்டதில்லை. அன்றிலிருந்து இவள் இடுப்பில் கட்டிய துணியை இன்னும் இறுக்கினேன். வேப்பிலை செருகினேன், திருநீறு பூசினேன். வாசலைப் பார்த்து, "இங்க வராத, போயிரு" என்று திட்டக்கூடச் செய்தேன். வெளியே சொல்ல முடியாது. சொன்னால் பொய் சொன்னதும் சேர்ந்து வெளியே வரும். நானே என் பிள்ளையை அளந்து கொடுத்துவிட்டேன் என்று அழாத நாள் இல்லை.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, உச்சி வேளை. கல்யாண வீட்டுக்கு ஆறு ரவிக்கை சாயங்காலத்துக்குள் தர வேண்டும். ராக்குவின் இடுப்பைப் பார்த்தேன், கட்டிக் கட்டித் தோல் கன்றிப் போயிருந்தது. மனசு கேட்கவில்லை. இன்று ஒருநாள் அவிழ்த்துவிடுவோம் என்று முடிச்சைப் பிரித்தேன். எண்ணெய் தடவிப் பக்கத்தில் உட்கார வைத்தேன். கதவை எல்லாம் தாழ் போட்டேன். ரவிக்கைக்கு இரண்டு கை தைத்துவிட்டு நிமிர்ந்தேன். பிள்ளையைக் காணோம். பின்கதவுத் தாழ் திறந்து கிடந்தது.

கருப்பையாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். "ராக்கு! ராக்கு!" என்று கத்துகிறேன், ஒரு கதவு திறக்கவில்லை. ஊருணிக் கரை மேடு கண்ணை மறைத்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன கிடக்கிறதோ தெரியவில்லை. எந்தச் சாமி பேரும் வாயில் வரவில்லை. வந்தது ஒரே ஒரு பேர்தான், இத்தனை நாள் போ போ என்று விரட்டிய பேர்.

"ஆத்தா சிட்டாளு! நீயும் பச்சப்பிள்ளதான? ஒன்னப் பெத்தவ இந்தக் கரையிலதான ஓடி வந்துருப்பா? அவ நின்ன மாதிரி என்னைய நிக்க வச்சிராத. எம்பிள்ளையப் பிடிச்சுக்க. நான் வாரவரைக்கும் விட்டுராத!"

விரட்டவில்லை, திட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பெரிய பிள்ளையிடம் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வோமே, அப்படித்தான் கேட்டேன்.

மேடேறிப் பார்த்தேன். ராக்கு தண்ணீருக்குள் இறங்கிய படியில் நிற்கிறாள். முழங்கால் வரை தண்ணீர். உடம்பை முன்னால் சாய்த்துக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். எட்டாத தூரத்தில் சிட்டாள் பாவாடையில் மிஞ்சிய சிவப்புக் கரைத் துணி ஒன்று மிதக்கிறது. அடுத்த படி பாசி, அதற்கப்பால் ஆள் ஆழம். ஆனால் அவள் விழவில்லை. அவள் இடுப்பில் ஒரு வெள்ளை நூல் கட்டியிருந்தது. நூலின் மறுமுனை அவளுக்குப் பின்னால் படிச்சுவரில் மாடு கட்டுகிற கல்வளையத்தில் விறைத்து நின்றது.

அதே நாலு புரி நூல். இடையிடையே முடிச்சு.

தூக்கி அணைத்துக்கொண்டேன். நூலை அவிழ்க்க வெகு நேரமானது. நான் கட்டுகிற முடிச்சு இல்லை அது. ராக்கு சாதாரணமாகச் சொன்னாள்: "பாவாடைக்கு ஒட்டுப் போடத் துணி குடுக்க வந்தேம்மா. அக்காதான் கட்டுச்சு. ஒங்கம்மா வந்துரும், நில்லுன்னுச்சு."

நேராக ஆச்சி வீட்டுக்குப் போனேன், ஈரத்தோடு, இரண்டு பிள்ளைகளோடு. நூலைக் காலடியில் வைத்து நூல் தொலைந்தது, அளவெடுத்தது, போட்டுப் பார்த்தது, பொய், எல்லாவற்றையும் கொட்டினேன். ஆச்சி நூலை எடுத்து முடிச்சுகளை விரலால் தடவினார்கள்.

"பாவாடை ரெண்டு வெரக்கடை கொறைஞ்சிருந்துச்சு. அன்னைக்கே பார்த்தேன்" என்றார்கள்.

"ஏன் ஆச்சி ஒரு வார்த்த கேக்கல?"

"பிள்ளைகள வச்சுக்கிட்டுத் தைக்கிறவ நீ, எங்கயாச்சும் நூல விட்டிருப்பேன்னு நெனச்சேன். ஒன்னைய எதுக்கு நோகடிக்கணும்? சிட்டாளும் அப்புடித்தான் நெனச்சிருப்பாக."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பேழையைத் திறந்து பாவாடையை எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு விரற்கடைக் கரை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு என் வீட்டுத் தரையில் ஈரமில்லை. தொட்டில் நான் ஆட்டினால்தான் ஆடியது.

என் வீட்டுக்காரர், பிள்ளையே நூலை ஒளித்து வைத்திருந்து விளையாட்டாகக் கட்டியிருக்கும் என்றார். இருக்கட்டும். ஐந்து வயசுப் பிள்ளை போட்ட முடிச்சை நான் ஏன் அத்தனை நேரம் அவிழ்த்தேன் என்று கேட்டேன். கட்டியது எந்தக் கையாக இருந்தாலும் என் கூப்பாட்டுக்குப் பிள்ளை கிடைத்தது. எனக்கு அது போதும்.

அதிலிருந்து உச்சி வேளையில் என் மெஷின் ஓடாது. அந்த நேரம் பிள்ளைகளுக்கு. தப்பாக வெட்டினால் வெட்டினேன் என்று வாங்க வருகிறவர்களிடமே சொல்லிவிடுவேன். வருஷா வருஷம் சிட்டாளுக்கு நான்தான் தைக்கிறேன், கையாலேயே.

வீட்டு வேலையும் தொழிலுமாக ஒற்றை ஆளாய் அல்லாடுகிற தாய்மார்களுக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு தெய்வப்பிள்ளை பேழைக்குள்ளோ மாடத்திலோ இருக்கும். பயந்து விரட்டாதீர்கள். உங்களுக்குக் கை போதாதபோது, பிள்ளையைப் பிடித்துக்கொள் என்று கேளுங்கள்.

இந்த மார்கழியிலும் ஆச்சி நூலைக் கொண்டுவந்தார்கள். ராக்குவுக்கு இப்போது பதினேழு வயசு. ஆச்சியிடம் கேட்டுக்கொண்டு நூலின் நுனியை அவள் தோளில் வைத்துத் தொங்கவிட்டேன். முழங்காலோடு நின்றுவிட்டது. அவள் கூச்சத்தில் சிரித்தாள். நான் நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சிட்டாளின் பாவாடைக்குத் துணியை விரித்தேன்.