புரதம் 204

2023 பிப்ரவரி 11: சர்க்கரை 24, புரதம் 186, அணுக்கள் 210.
2023 பிப்ரவரி 27: சர்க்கரை 38, புரதம் 204, அணுக்கள் 150.

இரண்டு வரிகளும் கெலமங்கலம் ரூபாவின் முதுகுத்தண்டு நீரைப் பற்றியவை. அவள் ரோஜாப் பண்ணையில் காம்பின் நீளம் பார்த்துப் பூக்களைத் தரம் பிரிப்பவள். மூன்று வாரம் விடாத தலைவலி, காய்ச்சல். கடைசியில் கழுத்தை மடக்க முடியாமல் பேச்சும் குழறியபோது, ஓசூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூளையுறையில் காசநோய் என்று சொல்லி டாக்டர் ஹீனா மாத்திரையை ஆரம்பித்தார். இரண்டாம் முறை நீர் எடுத்த அன்று மாலையே ரூபா யார் கையையும் பிடிக்காமல் நடந்து வெளியே வந்து வீடு திரும்பினாள்.

அவள் கணவன் குருமூர்த்தி காவேரிப்பட்டினத்துக்காரன். பத்தொன்பது வயதில் ஓசூர் வந்து, இருபத்திரண்டு வருடமாக இரும்பு உதிரிபாகம் செய்யும் ஒரே கம்பெனியில் தரம் பார்க்கிறான். மெஷினில் எதையாவது மாற்றினால் அடுத்து வரும் முதல் பீஸை அவன்தான் அளப்பான். அளவு எல்லைக்கு வெளியே போனால் மெஷினை நிறுத்திவிட வேண்டும். பீஸ் கழிவுக்கான சிவப்புத் தொட்டிக்குப் போய்விடும். இதில் அவன் ஒருநாளும் தயங்கியதில்லை.

மறுநாள் இரண்டாவது ரிப்போர்ட்டை வாங்கியவன் பஸ் ஸ்டாண்டிலேயே பிரித்தான். புரதம் 45க்குள் இருக்க வேண்டும் என்று ஓரத்தில் அச்சிட்டிருந்தது. 186 குறையவில்லை, 204 ஆகியிருந்தது. டாக்டரைப் பார்க்க வெள்ளிக்கிழமைதான் முறை. புதன்கிழமை காலை மாத்திரையை எடுத்துக் கொடுக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

ரூபா கேட்டபோது, மருந்து வேலை செய்யவில்லை, இதற்குமேல் போனால் சேதம்தான் என்றான். கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும். அதில் கொஞ்ச நேரம் திட்டித் தீர்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தாள்.

"ஏங்க, நான் என்ன உங்க கம்பெனி பீஸா, சிவப்புத் தொட்டில போடறதுக்கு? நிறுத்தணும்னா டாக்டர் சொல்லட்டும். சாவியக் குடுங்க."

சாவியை வாங்கி, மாத்திரையை அவன் கண்ணெதிரே விழுங்கினாள். வெள்ளிவரை காத்திருக்காமல் அன்றே அவனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஹீனா இரண்டு ரிப்போர்ட்டையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்தார்.

"மேடம், புரதம் ஏறிப்போச்சுங்களே," என்றான் குருமூர்த்தி.

"சர்க்கரையப் பாருங்க, சார். கிருமி இருந்தா அது இறங்கிடும். இப்ப 24 முப்பத்தெட்டாகி இருக்கு. வெள்ளை அணுக்களும் குறைஞ்சிருக்கு. புரதம் மெதுவாத்தான் வடியும், சிலருக்கு முதல்ல கொஞ்சம் ஏறவும் ஏறும். இவங்க நடந்து வந்திருக்காங்களே, அது உங்க கண்ணுல படலையா?"

பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும், ஒரு வருடம் ஒரு வேளைகூடத் தப்பக்கூடாது என்று பிறகு கண்டிப்பாகச் சொன்னார். குருமூர்த்தி தலையை ஆட்டினான். கம்பெனியில் கட்டிங் டூல் எவ்வளவு தேய்கிறது என்று பார்க்க அவனே பல நாள் அளவுகளைக் கோடு போட்டுத் தொடர்வான். வீட்டில் மட்டும் ஒரே பீஸைப் பார்த்துப் பதறிவிட்டான்.

"மெஷின் ஓடட்டுங்களா?" என்று ரூபா அவனைக் கேட்டாள். ஹீனாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஏப்ரலில் மூன்றாம் முறை நீர் எடுத்தார்கள். சர்க்கரை 58, புரதம் 62, அணுக்கள் 14. புரதம் இன்னும் எல்லைக்கு வெளியேதான் இருந்தது. இந்த முறை அவன் பூட்டைத் தொடவில்லை. ஜூலையில் ரூபா பண்ணை வேலைக்குத் திரும்பினாள். தினமும் காலையில் குருமூர்த்தி மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து, அவள் விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றான்.

வருடம் முடிந்து கடைசி ஸ்கேன் எடுத்தார்கள். பார்த்துவிட்டுத் தபாலில் எழுதுகிறேன் என்றார் ஹீனா. சிகிச்சை முடிந்தது, இனி மாத்திரை வேண்டாம் என்ற அந்தக் கடிதம் கெலமங்கலம் வந்து சேர்ந்தது 2024 பிப்ரவரி 19, திங்கட்கிழமை.