தலைதான் கடைமடை

கல்யாணமாகி வந்த பதினெட்டாம் நாள் நான் நடவு வயலில் மயங்கி விழுந்தேன். நான் கண்ணைத் திறப்பதற்குள், எனக்குப் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. பதினெட்டே நாளில்! என் வீட்டுக்காரர் அதை மறுக்கவில்லை. இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடந்தார்.

நான் பிறந்தது தாராசுரத்துப் பக்கம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை. கொடியைக் கட்டுவதும் வெற்றிலை கிள்ளுவதும் கையை உயர்த்தி நின்றபடி செய்கிற வேலைகள். அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவள் நான். கட்டிக்கொடுத்ததோ சீர்காழிக்குக் கிழக்கே, காற்றிலேயே உப்புக் கரிக்கிற ஒரு கடைமடை ஊரில். ஆற்றுத் தண்ணீர் மேலே இருக்கிற ஊர்களையெல்லாம் நனைத்துவிட்டுக் கடைசியில்தான் எங்களுக்கு வரும். வந்ததும் ஒரே அவசரம், நடவு தொடங்கிவிடும். குனிந்தால் குனிந்ததுதான். நாற்றை ஊன்றி ஊன்றிப் பின்னாலேயே போகவேண்டும். பாதி வயல் போனதும் ஒருமுறை நிமிர்ந்துகொள்ளலாம்.

ஊரில் பெண்களுக்கு நடவு செட்டு ஒன்றுதான். அதன் தலைவியை எல்லோரும் பெரியக்கா என்போம். மற்றவர்கள் பாதி வயலில் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ளும்போதும் பெரியக்கா நிமிரமாட்டார். வயல் முடிகிறவரை குனிந்தபடியே இருப்பார். இரும்பு இடுப்பு என்று பக்கத்து ஊரிலும் பேச்சு.

அன்றைக்கு அவர், "நிமிருங்கடி" என்றதும் நான் துள்ளி நிமிர்ந்தேன். வயல் வெளுத்தது, வரப்பு சாய்ந்தது. அவ்வளவுதான் தெரியும். நடுவதற்குக் கட்டி வைத்திருந்த நாற்று முடிகளின் மேல் மல்லாந்து கிடந்தேன்.

"நாத்த நடச் சொன்னா, ஒன்னையே நட்டுக்கிட்டியேடி!" என்றார் பெரியக்கா. எல்லோரும் சிரித்து முடித்தபிறகு அவர் சிரிக்காமல் சொன்னார்: "ரெண்டு தடவ வரைக்கும்தான் பாப்பேன். மூணாந்தரம் விழுந்தா வீட்டுல ஒக்காந்துக்க."

வீட்டில் உட்காருவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. வீட்டில் என் மாமியார் இருந்தார். நல்லவர். ஆனால் அவருக்கு ஒரு எருமை இருந்து செத்திருந்தது. அது எத்தனை படி கறந்தது, யாரை முட்டியது, யாரை முட்டாமல் விட்டது என்று காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கிறவரை சொல்வார். வயலில் பாட்டும் கேலியும் வம்பும். வீட்டில் நானும் அத்தையும் செத்த எருமையும். எப்படியாவது செட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் தவித்ததற்கு இதுதான் காரணம். அந்த வாரமே பிள்ளை விஷயம் பொய் என்று தெரிந்தது. அத்தையிடம் சொன்னேன். எருமை செத்த அன்றுகூட அவர் முகம் அப்படி வாடியிருக்காது.

இரண்டாவது முறை விழுந்தது விவசாயக் கூலிகள் சங்கத்துக் கூட்டத்தில். அப்போது ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. சுவருக்குச் சுவர் கட்சிச் சின்னம். நிலம் யாருக்கு, கூலி எவ்வளவு என்று ஊருக்கு ஊர் தகராறு. மிராசுதார் கார் போனால் வயலில் இருப்பவர்கள் கரையேறிக் குனிந்து கும்பிடவேண்டும் என்று ஒரு பழக்கம் இருந்தது. அதை விடச் சொல்லத்தான் அந்தக் கூட்டம். பள்ளிக்கூடத்து வாசலில் வெயில் தாழ்ந்ததும் உட்கார்ந்தோம். பேசியவர் இரண்டு மணி நேரம் பேசினார். எனக்குக் கால் மரத்துவிட்டது. கடைசியில் அவர் கையை வீசி, "குனிஞ்சது போதும்! நிமிர்ந்து நில்லுங்க!" என்று முழங்கினார்.

முதலில் நிமிர்ந்தது நான்தான். முதலில் விழுந்ததும் நான்தான்.

"யார்ரா அது, பொம்பளைய அடிச்சது?" என்று ஒரு குரல். மிராசுதார் ஆள் கல்லெறிந்துவிட்டான் என்று நாலு பேர் கம்பைத் தூக்கிவிட்டார்கள். நான் தரையில் கிடந்தபடியே கத்தினேன்: "யாரும் அடிக்கலைங்க! அவரு நிமிரச் சொன்னாரு, நிமிர்ந்தேன்!"

பேசியவருக்கு முகம் எப்படியோ ஆகிவிட்டது. பெரியக்கா என் காதோரம் குனிந்து, "ரெண்டு" என்றார்.

மறுநாள் காலை அவரே என்னை சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனார். "நெசமா, நடிப்பான்னு பாத்துடறேன்" என்றார். அங்கே இருந்த நர்சம்மா தரங்கம்பாடிப் பக்கத்துக்காரர், அதட்டல் குரல், சிரித்த முகம். என்னை பெஞ்சில் படுக்க வைத்து, கையில் பட்டையைச் சுற்றிப் பாதரசம் பார்த்தார். பிறகு, "எழுந்து நில்லு" என்று நிற்க வைத்துப் பார்த்தார். பாதரசம் முன்னைவிடத் தாழ்ந்துவிட்டது. எனக்குக் கண் இருட்டியது. நெஞ்சு மட்டும் தடதடவென்று அடித்தது.

"காலையில என்ன சாப்புட்டே?"

"ஒண்ணும் இல்லைங்க. நேரமாயிடும்னு அப்படியே ஓடிடுவேன்."

"ஒங்க ஊரு கடைமடைதானே? ஒடம்புல ஒன் தலைதான் கடைமடை. குனிஞ்சிருக்கிறப்ப தலைக்கு ரத்தம் தானா ஓடுது. சடார்னு நிமிர்ந்தா ரத்தமெல்லாம் காலுக்கு எறங்கிடும். நெஞ்சுதான் லஸ்கர். அவரு ஓடி வந்து ஷட்டரைத் தூக்கி, வேகமா மேல தள்ளணும். ரத்தக் கொழாய்ங்கிற வாய்க்காலும் கொஞ்சம் இறுகணும். அதுக்குச் செத்த நேரம் ஆவாதா?"

எங்கள் ஊர் மதகைத் திறந்து மூடுகிற லஸ்கரை எனக்கு நன்றாகத் தெரியும். "எங்க லஸ்கர் மாதிரி டீக்கடைக்குப் போயிட்டாரோ என்னமோ" என்றேன்.

"போவல. நீ வெயில்ல வேர்த்துக் கொட்டிட்டு, ஒண்ணும் குடிக்காம நின்னா வாய்க்கால்ல தண்ணியே கொறைச்சல். அவரு என்ன பண்ணுவாரு?"

உப்புப் போட்ட நீராகாரம் ஒரு சொம்பு குடித்துவிட்டுத்தான் வயலுக்குப் போகவேண்டும். நிமிருவதற்கு முன் சேற்றில் காலை அழுத்தி அழுத்தி ஊன்றவேண்டும், ஆடுசதை இறுகினால் காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறும். முட்டியில் கை வைத்து நாலு மூச்சு நின்று, பிறகு மெல்ல நிமிரவேண்டும். கண் இருட்டினால் வெட்கப்படாமல் மறுபடி குனிந்துகொள்ளவேண்டும். இவ்வளவுதான் வைத்தியம்.

கிளம்பும்போது பெரியக்கா மட்டும் நகரவில்லை. தொண்டையைச் செருமினார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி இருக்காம்மா. நிமிர்ந்தா கண்ணு இருட்டுதுன்னு பயந்துக்கிட்டு, வயலு முடியிற வரைக்கும் நிமிராமலே கெடக்கா. வரப்பைப் புடிச்சுக்கிட்டுத்தான் எழுந்திரிப்பா. அவளுக்கு என்ன பண்ணலாம்?"

நர்சம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "அந்த ஒருத்திய இந்த பெஞ்சுல படுக்கச் சொல்லுங்க."

இரும்பு இடுப்பு மறுபேச்சில்லாமல் படுத்தது. நான் சுவரில் இருந்த காலண்டரை ரொம்பக் கவனமாகப் படித்தேன். எனக்குப் படிக்கத் தெரிந்ததே அதில் இருந்த எண்கள்தான்.

திரும்பி வரும் வழியில், "வெளியில வாயத் தொறந்தே..." என்றார் பெரியக்கா.

"நான் என்னத்தக் கண்டேன்? மயங்கியில்லக்கா கெடந்தேன்."

"அதுக்காக மூணாவது தடவைய விட்டுடுவேன்னு நெனைக்காத. ஊரு பாக்குது."

மறுநாள் மிராசுதார் வயலில் நடவு. அவருக்காக வேலையை மேற்பார்க்கிற காரியக்காரர் வரப்பில் குடையை விரித்துக் குந்தியிருந்தார். பாதி வயல் வந்தது. விழுந்தால் நாளையிலிருந்து எருமைதான். பெரியக்கா, "நிமிருங்கடி" என்று சொல்லவில்லை. முட்டியில் கை வைத்து, குனிந்தபடியே குலவை போட்டார். எனக்குப் புரிந்துவிட்டது, நாலு மூச்சு நேரத்துக்குத்தான் அந்தக் குலவை; நான் முட்டியில் கை வைக்க, பார்த்து எல்லோரும் வைத்துக் கூடக் குலவையிட்டோம். சேற்றில் காலை அழுத்தினேன். குலவை முடியும்போது மெல்ல நிமிர்ந்தேன். கண்ணில் லேசாக ஒரு நிழல் வந்தது, வந்த வழியே போனது. வரப்பு வரப்பாகவே இருந்தது.

பக்கத்தில் பார்த்தேன். பெரியக்கா நிமிர்ந்து நின்றார், பாதி வயலில்! செட்டு மொத்தமும் நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தது.

"நடவு தொடங்கறப்பத்தானே குலவை போடுவீங்க? இதென்ன நடு வயல்ல?" என்று அதட்டினார் காரியக்காரர்.

பெரியக்கா என்னைப் பார்த்தார். "லஸ்கரைக் கூப்புடறோங்க ஐயா" என்றேன்.

"எந்த லஸ்கர்? எங்க வந்தான்?" என்று வாய்க்காலைப் பார்க்க அவர் விருட்டென்று எழுந்தார். காலையிலிருந்து குந்தியே இருந்த ஆள். குடை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் தள்ளாடினார்.

"ஐயா, முட்டியில கையை வைங்க!" என்று வயலே கத்தியது. அவரும் வைத்தார். நாங்கள் அவருக்கும் ஒரு குலவை போட்டோம்.

வேலை முடிந்து கரையேறும்போது பெரியக்கா என் தோளில் மீந்துபோன ஒரு நாற்று முடியைச் சாத்தினார். "நாளைக்குச் சீக்கிரம் வந்துடுடி. நீராகாரம் குடிச்சிட்டு வா." அவ்வளவுதான் சொன்னார். பெரியக்கா போய் ரொம்ப வருஷமாகிவிட்டது, அதனால்தான் அந்த ஒருத்தி யாரென்று இப்போது சொல்கிறேன்.

அடுத்த வருஷம் எனக்கு நிஜமாகவே பிள்ளை உண்டானது. ஒருநாளும் மயங்கவில்லை. அதனால் ஐந்தாம் மாதம்வரை அத்தை நம்பவே இல்லை.