பீரங்கிக்குப் பொட்டு

எங்கள் ஊரில் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள மலையடிவாரத்தில் சரவணப் பொய்கை இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள் அதில் முழுக்குப் போட்டுவிட்டு மலையேறுவார்கள். அப்புறம் நந்தி ஆறு. மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் கிரிக்கெட் மைதானம். கடலுக்கும் திருத்தணிக்கும் உள்ள உறவு காலையில் மீன் வண்டி வருவதோடு முடிந்துவிடுகிறது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் போர்க்கப்பல் கட்டுகிறேன்.

கட்டுகிறேன் என்றால், மேசை மேல். நிஜக் கப்பலில் இருநூறில் ஒரு பங்கு. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "மிதக்குமா?" மிதக்காது என்று சொன்னால் அவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். அடுத்து, "மோட்டார் கீதா?" என்பார்கள். அதுவும் இல்லை என்றதும் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். புகைக்கூண்டு சரியான கோணத்தில் பின்னால் சாய்ந்திருப்பதை இதுவரை ஒரு ஜீவன் கவனித்ததில்லை. அதைச் சரியாகக் கொண்டுவர நான் பழைய புகைப்படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் கண் வீங்கியிருக்கிறேன்.

பிழைப்புக்குத் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. கருப்பு வெள்ளை மட்டும். கலர் மெஷின் வாங்கச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். வாங்கவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது.

அது ஊருக்குத் தெரிந்ததற்குக் காரணம் என் பாவா, அதாவது அக்காவின் புருஷன். கல்யாணத்துக்கு முன்னால் அவர் எங்கள் தெருப் பையன்தான். கடற்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் மெட்ராஸுக்குப் போனோம். ஓட்டத்தில் நான் அவருக்கு முன்னால் வந்தேன். மார்பளவிலும் நான்தான் ஒரு விரல் அதிகம். கடைசியில் ஒரு டாக்டர், கலர் புள்ளிகளாக அடைத்துக்கிடந்த ஒரு புத்தகத்தைப் பிரித்து, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். எனக்குப் புள்ளிகள் தெரிந்தன. எண் எதுவும் தெரியவில்லை. ஒரு பக்கம், இன்னொரு பக்கம் என்று புரட்டிவிட்டுப் புத்தகத்தை மூடினார். எனக்குப் பின்னால் நின்ற பாவா கடகடவென்று எல்லா எண்ணையும் ஒப்பித்தார்.

பிறகு அவர் வெள்ளைச் சீருடையில் ஊருக்கு வந்தார். அந்தச் சீருடையைப் பார்த்து அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். கப்பலும் அவருக்கு, அக்காவும் அவருக்கு. எனக்கு ஜெராக்ஸ் மெஷின். எந்தக் கல்யாண வீட்டிலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது பாவா இந்தக் கதையை எடுத்துவிடுவார். "மச்சான் வண்டில ஏறாதீங்கப்பா, சிக்னல்ல செவப்பு வுழுந்தா பச்சைன்னு பூந்துடுவான்" என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே எரியும். திருத்தணியில் எத்தனை சிக்னல் இருக்கிறது என்று ஒருவராவது கேட்டிருக்கலாம்.

நான் போர்க்கப்பல் கட்ட ஆரம்பித்ததற்கு நிறமும் ஒரு காரணம். போர்க்கப்பல் சாம்பல் நிறம். சாம்பலில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. எந்தக் காலத்துக் கப்பலுக்கு எந்தச் சாம்பல், வெயிலில் வெளுத்தால் எப்படி இருக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பல கப்பல்களுக்குப் பிறகுதான் அந்தக் கப்பலை எடுத்தேன். பாவா பீரங்கிப் பிரிவில் வேலை பார்த்த கப்பல். அது உடைப்புக்குப் போய் இரும்பாகி எத்தனையோ காலமாகிறது. அவர் பணி ஓய்வு பெற்று விசாகப்பட்டினத்திலேயே வீடு கட்டிக்கொண்டு, ஆயுத பூஜைக்கு மட்டும் அக்காவோடு ஊருக்கு வருவார். இந்தக் கப்பலை அவர் முன்னால் வைக்க வேண்டும். அவர் உற்றுப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, "இது நம்ம கப்பல்தான்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்பதையே மறந்தேன்.

பீரங்கிக் குழலுக்கு மருந்துக்கடை ஊசி. கொடிக்கயிற்றுக்குப் பள்ளிப்பட்டில் தறி போடுகிற ஒருவரிடம் கேட்டு வாங்கிய மெல்லிய பட்டிழை. அவரும் "மிதக்குமா?" என்றுதான் கேட்டார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது கப்பல் என்னைப் பழிவாங்கியது. அதற்கு மேல்தளம் பச்சை, தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பாகம் சிவப்பு. நான் பெயிண்ட் பாட்டில் மூடிகளை மாற்றிப் போட்டுவிட்டு, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மிக நேர்த்தியாக, தூரிகைத் தடம் கூடத் தெரியாமல் தளத்தைச் சிவப்பாகவும் அடியைப் பச்சையாகவும் அடித்து முடித்தேன். காபி கொண்டுவந்த என் மனைவி டம்ளரை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாங்க, கப்பல கவுத்து வெச்சிட்டீங்களா?" என்றாள்.

எல்லாவற்றையும் சுரண்டி மறுபடி அடித்தேன். அன்றிலிருந்து சிவப்பு பாட்டிலில் அவள் ஒரு ரப்பர் பேண்ட் சுற்றிவைத்தாள். நிறம் விஷயத்தில் அவள்தான் என் கண். அதை அவளிடம் நான் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. காலையில் கடைக்குப் போய் ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்து, நானே என் கையால் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்; பின்னால் வேண்டியிருக்கும். பொரி, கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின், ஸ்கூட்டர், அரிவாள்மனை என்று எல்லாமே நெற்றியில் பொட்டோடு என்னை வரவேற்றன. மேசைக்கு வந்தேன்.

கப்பலின் முன் பீரங்கிக் குழல்களில் சந்தனம். அதன் நடுவில் கருப்பாக ஒரு பொட்டு. கருப்பு என்று எனக்குத் தெரிந்தது; குங்குமம் என்று புத்திக்குத் தெரிந்தது. என் கணக்கில் அந்தப் பொட்டு நிஜக் கப்பலில் ஒரு மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்கு இருக்கும்.

"யாரு வெச்சது இதை?" என்று கத்தினேன்.

"நான்தான். அதுவும் ஆயுதந்தானே? ஊர்ல இருக்கிற கத்தி, கடப்பாரைக்கெல்லாம் வெக்கிறோம், பீரங்கிக்கு வெக்கக் கூடாதா?"

"இது சரித்திரம்! இப்படி ஒரு பொட்டு எந்த போட்டோலயாவது கீதா? நிஜக் கப்பல்ல இருந்தாத்தான் இதுல இருக்கணும்!"

"உங்க ஜெராக்ஸ் மெஷினுக்குப் பொட்டு வெச்சீங்களே, அது மட்டும் எந்த போட்டோல கீதா?"

சத்தத்தைக் கூட்டினேன். பாவாவும் அக்காவும் திருப்பதியில் ரயில் இறங்கிப் பஸ் ஏறிவிட்டதாகப் போன் வந்திருந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்துத் தேய்த்தேன். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் என்பது பாலைவனம் மாதிரி, எதை ஊற்றினாலும் குடித்துவிடும். சந்தனம் போய்விட்டது. குங்குமம் போயிற்றா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். சாம்பலாகத்தான் இருந்தது. கொஞ்சம் அழுக்குச் சாம்பல்.

"போயிடுச்சா பாரு" என்றேன் மனைவியிடம், குரலைத் தாழ்த்தி.

"எனக்கு சரித்திரம் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் சுண்டல் தாளிக்கப் போய்விட்டாள். நிறத்துக்காக அவளை விட்டால் எனக்கு நாதி இல்லை என்பதை அன்று சமையலறை வாசலில் நின்றபடி உணர்ந்தேன். கெஞ்சலாம் என்று வாய் வரை வந்தது. அதற்குள் வாசலில் ஆட்டோ நின்றது.

பாவா இளைத்திருந்தார். மூட்டு வலி, படி ஏறும்போது அக்கா தோளைப் பிடித்துக்கொண்டார். சாப்பிட்டு முடித்ததும் மேசைக்கு அழைத்துப் போனேன். என் உள்ளங்கை வேர்த்தது. அந்தப் புள்ளிப் புத்தகத்தின் முன்னால் நின்றபோது வேர்த்த மாதிரியே.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கண்ணாடியை மாட்டினார். "மிதக்குமா மச்சான்?" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. மிதக்காது என்றேன். கப்பலின் பக்கவாட்டில் தொங்கிய சின்னப் படகைக் காட்டி, "படகு இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்" என்றார். புகைப்படத்தை எடுத்துக் காட்டினேன். "போட்டோ எடுத்தவன் மாத்தி நின்னு எடுத்துருப்பான்" என்றார். எங்கே நின்று எடுத்தாலும் படகு இடம் மாறாது என்று விளக்கினேன். அதை அவர் காதில் வாங்கவில்லை. "நான் படுத்துகினு இருந்த எடம் எங்கே?" என்றார். அது உள்ளே, கீழ்த்தளத்தில். நான் கட்டியது வெளித்தோற்றம் மட்டும். அவர் முகம் சுருங்கியது. பதினைந்து வருஷம் அவர் வாழ்ந்த இடத்தை நான் வெற்றுப் பெட்டியாக மூடிவைத்திருந்தேன். புகைக்கூண்டின் சாய்மானத்தை அவரும் பார்க்கவில்லை. முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அவர் விரல் முன்பக்கம் போய் நின்றது. பீரங்கியின் பக்கத்தில் குனிந்தார்.

"ஏ மச்சான், செவப்பு... குங்குமமா இது?"

போகவில்லை. மனைவி சமையலறைக் கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். "நான்தான் அண்ணா வெச்சேன். அவரு தேச்சுத் தேச்சு எடுத்தாரு. போகல" என்றாள்.

பாவா சிரிக்கப்போகிறார், அடுத்த கல்யாணத்துக்குப் புதுக் கதை கிடைத்துவிட்டது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"ஆங். இது நம்ம கப்பல்தான்" என்றார்.

இரண்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. நான் எதிர்பார்த்த எதற்கும் அது வரவில்லை. என் மனைவியின் குங்குமத்துக்கு வந்தது. அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பீரங்கிக்குப் பொட்டு வெப்போம். கடலுக்கு நடுவுல இருந்தாலும் வெப்போம். உங்க அக்காதான் இந்த ஊரு மலை அடிவாரத்துல குங்குமம் வாங்கி அனுப்புவா. ஆனா குழல்ல வெக்க மாட்டோம். குழல்ல வெச்சா ஆபீசர் கத்துவாரு. பின்னாடி, பீரங்கிக் கூண்டோட கதவு மேல."

குழலில் வைத்தது தவறு! எனக்குள் இருந்த சரித்திரக்காரன் உடனே எழுந்து உட்கார்ந்தான். கதவில் எந்த உயரத்தில், சந்தனம் வட்டமா நாமமா, பொட்டு எத்தனை பெரியது என்று அடுக்கடுக்காகக் கேட்டேன். வட்டம்தான், உள்ளங்கையளவு என்றார். மனதுக்குள் இருநூறால் வகுத்தேன். ஊசிமுனையால்தான் வைக்க முடியும்.

ஊசியையும் குங்குமத்தையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். "நீங்களே வெச்சிடுங்க பாவா."

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். "எங்க பிரிவுல அது பழசுங்க வேலை இல்ல. கடைசியா சேந்தவன் யாரோ அவன்தான் வெக்கணும். நான் சேந்த வருஷம் நான் வெச்சேன்." ஊசியை என் பக்கம் தள்ளினார். "நீ வை."

எனக்கு வயது ஐம்பத்தைந்து. ஊசிமுனையில் ஒரு துளி சந்தனம் வைத்தேன். அது காயும் வரை மெல்ல ஊதினேன். பிறகு குங்குமம். மனைவி என் தோளுக்குப் பின்னால் வந்து குனிந்து நின்றாள். "இன்னும் கொஞ்சம் மேல... ஆங், அங்கதாங்க" என்றாள். வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

என் கண்ணுக்கு அது ஒரு கரும்புள்ளி. அவ்வளவுதான்.

"செவப்பாதானே தெரியுது?" என்று கேட்டேன். பழக்கத்தில் மனைவியைத்தான் கேட்டேன்.

பதில் பாவாவிடமிருந்து வந்தது. "செவப்புதான் மச்சான்" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த நிறத்தின் பெயரை என்னிடம் அவர் சிரிக்காமல் சொன்னது அன்றுதான்.