பெயர் நீக்கப்பட்ட பத்தொன்பது பேர்

கோல்டர் நடுநிலைப் பள்ளி அலுவலகத்தில் ரமோனா செகுரா இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். பிள்ளைகளைச் சேர்ப்பது, நீக்குவது, மாநிலக் கல்வித்துறைக்குப் புள்ளிவிவரம் அனுப்புவது எல்லாம் அவள் மேசையில்தான் நடக்கும். எந்தப் பிள்ளையின் தகப்பன் எந்த ஷிஃப்டில் இருக்கிறான், யார் வீட்டில் ஆங்கிலம் தெரியும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அமெரிக்காவில் மேற்குக் கான்சாஸில் மாட்டிறைச்சி ஆலையை நம்பிக் கிடக்கும் ஊர் அது. ஆலைக்கு யார் வேலைக்கு வந்தார்களோ அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். முதலில் மெக்சிகோக்காரர்கள், பிறகு சோமாலியர்கள், பர்மாக்காரர்கள், கடைசியாகக் குவாத்தமாலா மலைப்பக்கத்து ஜனங்கள். ரமோனா அங்கே ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அவளைப் போல நாலு பேர்தான். இப்போது நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேர் வெளியிலிருந்து வந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள்.

ஒரு ஆகஸ்ட் காலையில் மிகாயேலா என்பவள் தன் மகளைச் சேர்க்க வந்தாள். அவளுக்கு மலைப்பக்கத்து மொழிதான் சரளம். பதிமூன்று வயது மகள் கந்தெலாரியா அம்மா சொன்னதை ஸ்பானிய மொழியில் மாற்றிச் சொன்னாள்.

"இனம்னு இங்க ஒரு கட்டம் இருக்கு. எதுல டிக் போடட்டும்?" என்றாள் ரமோனா.

தாயும் மகளும் கொஞ்ச நேரம் குசுகுசுத்தார்கள்.

"எந்தக் கட்டத்துல போட்டா மதியச் சாப்பாடு நல்லா இருக்கும்னு அம்மா கேக்குறாங்க, தோன்யா." பெரியவர்களைப் பாசமும் மரியாதையுமாகக் கூப்பிடும் சொல் அது.

ரமோனா விழுந்து விழுந்து சிரித்தாள். "எதுல போட்டாலும் அதே காய்ஞ்ச பீட்சாதான்னு சொல்லு."

அன்றிலிருந்து அந்தப் பெண் மணியடிக்கும் முன்பு அலுவலகத்தில் தலையைக் காட்டிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவாள். டிசம்பருக்குள் ஆங்கிலத்தில் வாயாடக் கற்றுக்கொண்டாள். அவள் பின்னக் கணக்கில் மற்றவர்களை முந்திவிட்டாள் என்று கணக்கு டீச்சர் ஒருநாள் போகிற போக்கில் சொன்னாள்.

மார்ச் மாதம் தலைமையாசிரியர் கிம்பல் ரமோனாவை அறைக்கு அழைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. குளிர்காலத்தில் சொந்தச் செலவில் பிள்ளைகளுக்குக் கோட்டு வாங்கித் தருகிறவர்.

"கதவைச் சாத்திட்டு உக்காருங்க, ரமோனா. போன வருஷம் மாநிலப் பரீட்சையில கணக்குல தேறினது நூத்துக்குப் பதினோரு பேர். இந்த வருஷமும் அப்படியே வந்தா பள்ளிக்கூடத்தை மூடிருவாங்க. நம்ம பிள்ளைங்க நாப்பது மைல் பஸ்ல போகணும்."

ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். பத்தொன்பது பெயர்கள். எல்லாம் புதிதாக வந்த பிள்ளைகள்.

"ஊரை விட்டுப் போயிட்டதா பதிஞ்சிடுங்க. மூணே வாரம்தான். பரீட்சை முடிஞ்சதும் திரும்பச் சேர்த்துக்கலாம்."

"பெத்தவங்ககிட்ட என்ன சொல்றது, மிஸ்டர் கிம்பல்?"

"லீவுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

கந்தெலாரியாவின் பெயர் பன்னிரண்டாவதாக இருந்தது. இவள் தேறிவிடுவாள் என்று சொல்ல ரமோனாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. பட்டியலிலிருந்து ஒரு பெயரை விலக்கினால் மற்றவர்களை மட்டும் எப்படி நீக்குவது என்று யோசித்து விழுங்கிக்கொண்டாள். மறுநாள் காலை பத்தொன்பதையும் நீக்கினாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வீடு வீடாகப் போன் செய்தாள். மிகாயேலாவின் போன் வேலை செய்யாததால் கந்தெலாரியாவை மேசைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"எனக்கு மட்டுமா லீவு?"

"இன்னும் சில பேருக்கும்தான். போய் நல்லாத் தூங்கு, போ."

பெயரை நீக்கினால் மாவட்ட அலுவலகத்திலிருந்து வீட்டுக்குத் தானாக ஒரு கடிதம் போகும். பதற்றத்தில் அதை அவள் மறந்தே போனாள். கடிதம் கிடைத்த வீடுகளிலிருந்து போன் வந்தது. "அது கம்ப்யூட்டர் அனுப்புறது, கிழிச்சுப் போடுங்க" என்று ஒவ்வொருவருக்கும் சமாதானம் சொன்னாள். மிகாயேலா வீட்டிலிருந்து மட்டும் போன் வரவில்லை.

பரீட்சை முடிந்து பதினெட்டுப் பேர் திரும்பி வந்தார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ரமோனா, சக்கரத்தின் மேல் கட்டிய வண்டி வீடுகள் வரிசையாக நிற்கும் பேட்டைக்குப் போனாள். மிகாயேலா கதவைப் பாதி திறந்தபடியே நின்றாள். உள்ளே போய் நான்காக மடித்த கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"பொண்ணுகிட்ட காட்ட பயமா இருந்துச்சு. ஆலையில ஒருத்தர் படிச்சார்" என்றாள் தட்டுத்தடுமாறிய ஸ்பானிய மொழியில். "உம் பொண்ணு இனிமே அங்க வேண்டாம்னு எழுதியிருக்காம். என் தம்பி பால்பண்ணைக்கு அனுப்பிட்டேன். ஒக்லஹோமா."

"என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே, மிகாயேலா!"

"வேண்டாம்னு சொன்ன வாசல்ல போய் எப்படிம்மா நிக்கிறது?"

மிகாயேலாவிடம் பண்ணை விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை ரமோனா பக்கத்து மாநிலத்துக்குக் காரை எடுத்தாள். ஆலையில் ஒரு கையின் மூன்று விரல்களை இழந்து வீட்டோடு இருந்த அவள் கணவன் எவுசேபியோ வாசலில் நின்று கேட்டான். "பதினெட்டு வந்தாச்சுல்ல? ஒண்ணுக்காக அஞ்சு மணி நேரம் ஓட்டணுமா?"

"அந்த ஒண்ணு உன் பொண்ணா இருந்தா?"

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எவுசேபியோ தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து அவள் பக்கத்து இருக்கையில் வைத்தான்.

பண்ணையில் கந்தெலாரியா முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பூட்ஸ் இரண்டு அளவு பெரியது. ரமோனாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"தோன்யா! இவ்வளவு தூரமா! நான் நாறுறேன், கிட்ட வராதீங்க."

இருவரும் தீவன மூட்டைகள்மீது உட்கார்ந்தார்கள். மாமா நல்லவர், நாலு மணிக்கு எழுப்புவார், ஒரு கன்றுக்குட்டி தன் பின்னாலேயே சுற்றுகிறது என்று அவள் மூச்சுவிடாமல் பேசினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"நான் மக்குன்னுதானே பேரை எடுத்தாங்க? எனக்குத் தெரியும். பரவால்ல."

"இல்லம்மா. நீ மக்கு இல்ல. பரீட்சையில மார்க் குறைஞ்சிரும்னு புதுசா வந்தவங்களை எல்லாம் மறைச்சோம். உன் பேரை எடுத்தது நான்தான்."

அந்தப் பெண் குனிந்த தலையை நிமிர்த்தினாள்.

"நீங்களா?"

"ஆமா."

கந்தெலாரியா பூட்ஸிலிருந்த சேற்றை ஒரு குச்சியால் சுரண்டத் தொடங்கினாள்.

"என்கூட வா. திங்கக்கிழமையே நான் சேர்த்துக்கறேன்."

"அடுத்த வருஷம் பரீட்சை வந்தா மறுபடியும் எடுப்பீங்களா?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மாமா கூப்பிடும் குரல் கேட்டதும் அந்தப் பெண் எழுந்தாள். "பத்திரமாப் போங்க, சென்யோரா" என்றாள், அறிமுகமில்லாத அம்மாளைக் கூப்பிடுகிற மாதிரி. தோன்யா என்று கூப்பிடவில்லை.

மே மாதம் முடிவுகள் வந்தன. கணக்கில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் தேறியிருந்தார்கள்; பள்ளியை மூடும் பேச்சு நின்றது. ஆசிரியர் அறையில் நீல கிரீம் பூசிய கேக் வெட்டினார்கள். கிம்பல் முதல் துண்டை ரமோனாவிடம் நீட்டி, "இவங்க இல்லாம இது நடந்திருக்காது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் தட்டோடு தன் மேசைக்கு வந்தாள். கேக்கைத் தொடவில்லை. கல்வித்துறைக்கு ஒரு கடிதம் எழுதினாள். பத்தொன்பது பெயர்களையும், நீக்கிய தேதியையும், நீக்கியது தானே என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

விசாரணை வந்தது. முடிவுகளை ரத்து செய்தார்கள். கிம்பல் ராஜினாமா செய்துவிட்டு அப்பாவின் பண்ணைக்குப் போய்விட்டார். ரமோனாவையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். அதை அவள் எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த கோடையில் பள்ளியை மூடினார்கள். பிள்ளைகள் இருட்டோடு எழுந்து பஸ் ஏறினார்கள்.

"வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?" என்று சர்ச்சில் ஒருத்தி நேராகவே கேட்டாள். "ஒரு பொண்ணுக்காக நானூறு பிள்ளைங்களை ரோட்டுல விட்டுட்டியே."

ரமோனா கந்தெலாரியாவுக்கு மாதம் ஒரு முறை பண்ணை விலாசத்துக்குக் கடிதம் போட்டாள். பதில் வரவில்லை. மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு, அந்தப் பெண் வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று மாமா நாலு வரி எழுதியிருந்தார். எந்த ஊர் என்று எழுதவில்லை.

இப்போது ரமோனா ஊர் மளிகைக்கடையில் கல்லாவில் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மிகாயேலா சோளமாவும் பீன்ஸும் வாங்க வருவாள். ரமோனாவின் வரிசையில் ஆளே இல்லாவிட்டாலும் அவள் பக்கத்து வரிசையின் கடைசியில் போய் நிற்பாள். கோபமாகப் பார்ப்பதில்லை, ஒரு வார்த்தை சொல்வதுமில்லை. தன் முறை வரும்வரை கூடையைக் கையில் பிடித்தபடி காத்திருப்பாள்.