அக்கா கல்யாணத்தில் நான் ஊதிய டிரம்பெட்

தொண்ணூறுகளில் ஆரணியில் எங்களுக்குத் தெரிந்து டிரம்பெட், டிராம்போன் ஊதத் தெரிந்தவர்கள் குறைவு. ஊதத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் நான்கு பேர். தலைவன் நான். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. பளபளவென்று புது டிரம்பெட் வைத்திருந்தது நான் ஒருவன்தான். பட்டுக்கடையில் நாள் முழுக்கச் சேலை விரித்துக் காட்டுகிறவனுக்கு, மினுக்கலைப் பார்த்துத் தரம் சொல்லும் புத்திதானே வரும்?

வீட்டில் ஊதினால் தெருவே சண்டைக்கு வந்தது. அதனால் எங்களில் டிராம்போன் ஊதும் நண்பரின் பவர்லூம் கொட்டகையில் ஞாயிறு காலைகளில் கூடினோம். எட்டுத் தறிகள் ஓடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. நாங்கள் எவ்வளவு ஊதினாலும் யாருக்கும் தொந்தரவில்லை. எங்களுக்கும் கேட்கவில்லை என்பது ஒன்றரை வருஷமாக ஒருவருக்கும் குறையாகப் படவில்லை. நான் தலையை ஆட்டித் தாளம் போடுவேன், கண்ணை மூடி ரசிப்பேன்.

எங்களில் ஒருவன் வெம்பாக்கம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவான். கூலி வேலை செய்யும் குடும்பம். அவன் படித்துத் தபால் ஆபீஸில் சேர்ந்திருந்தான். அவனுடையது நசுங்கிப்போன பழைய டிரம்பெட். என் அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு நாங்களே வாசிப்பது என்று முடிவானதும் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"நீ சும்மா வாயில வெச்சிகினு நில்லு, போதும். அபஸ்வரம் வந்துச்சின்னா அக்கா மானம் போயிடும்பா."

"சரிங்கண்ணா," என்றான்.

அடுத்த ஞாயிறு, பாதிப் பாட்டில் கரண்ட் போனது. எட்டுத் தறிகளும் ஒன்றாக நின்றன. கன்றுக்குட்டி கத்துவதுபோல் ஏதோ கேட்டது. அது நான்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஊதுவதை நிறுத்தினேன். மற்ற இருவரும் தங்கள் சத்தத்தைக் கேட்டு மிரண்டு நிறுத்தினார்கள். அவன் மட்டும் ஊதிக்கொண்டிருந்தான். ஒரு பிசிறு இல்லை. எதிர்வீட்டு அம்மாள் வேலையை விட்டுவிட்டு வந்து வாசலில் நின்று கேட்டார்.

"எங்க கத்துக்கின?" என்றேன்.

"ஊர்ல ஏரிக்கரையில தினம் ஊதுவேங்கண்ணா. அங்கதான் நம்ம சத்தம் நமக்குக் கேக்கும்."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "சரி, கல்யாணத்துல நீயே வாசி" என்று ஏதோ வரம் கொடுப்பதுபோல் சொன்னேன்.

கல்யாணத்தில் அவன்தான் வாசித்தான். நாங்கள் மூவரும் வாயில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றோம். வீடியோக்காரர் லைட்டைத் திருப்பியதும் எப்படியோ நான் அவனுக்கு முன்னால் வந்து நின்றிருந்தேன். கன்னத்தை உப்பவைத்து விரலை ஆட்டினேன். காற்று மட்டும் விடவில்லை. மண்டபத்து ஜன்னலிலிருந்து அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கேசட் வந்ததும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். அவனையும் கூப்பிட்டிருந்தேன். திரை முழுக்க என் முகம். அவனுடைய முழங்கை மட்டும் ஓரத்தில் வந்து போனது. "எப்படி வாசிச்சிக்கிறான் பாரு என் தம்பி!" என்றாள் அக்கா. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, இல்லை, எனக்கே அது வேண்டியிருந்ததால், சிரித்துவைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:

"ஆமாங்கக்கா. அண்ணன் ஒரு இடத்துலகூட தப்பு பண்ணல."