சமையலறை வழியே ஒரு மாடிப்படி

யுத்த காலத்தில் சேலத்தில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வளவில் நாங்கள் ஒரு வீட்டில் இருந்துகொண்டு, எதிர்வரிசையில் மூன்று வீடுகளைக் குடக்கூலிக்கு விட்டிருந்தோம். இரண்டு வரிசைக்கும் நடுவில் திறந்த வெளியாகக் கிடந்த வாசலில் இன்னும் இரண்டு வீடு கட்டிவிடலாம் என்றார் என் கணவர். நானும் தலையாட்டினேன்.

அந்த வாசலில்தான் கடைசி வீட்டு அம்மா அப்பளம் காயவைப்பார். கணவர் இறந்த பின் சங்ககிரிப் பக்கத்திலிருந்து இரண்டு பெண் குழந்தைகளோடு வந்தவர். மளிகைக் கடைகளுக்கு அப்பளம் போட்டுத்தான் மூன்று வயிறும் நிறைந்தது. கடைக்கால் தோண்டிய அன்று என்னிடம் வந்தார்.

"ஏனுங்கம்மா, இங்க ஊடு கட்டிட்டா வெயிலே இருக்காதுங்களே. நான் எங்க காயப்போடறது?"

"ஓடு போடல, தளந்தான் போடறோம். மாடியில காயப்போட்டுக்கோங்க" என்றேன். கணவரைக் கேட்காமலே கொடுத்த வாக்கு அது. அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் தளம்தான் போட்டார்.

எல்லாம் முடிந்து சாரத்தைப் பிரித்தபோதுதான், மாடிக்குப் படி வைக்க எல்லோருமே மறந்துபோனது தெரிந்தது. வாசலில் மிச்சமிருந்தது கிணற்றடி ஒன்றுதான். அது ஈசானிய மூலை, அங்கே படி வைத்தால் எவனும் குடிவர மாட்டான் என்று மேஸ்திரி கையை விரித்தார். புது வீடுகளின் பின்சுவர், எங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில் மதில் வைத்திருந்த புழக்கடையில் முடிந்தது. அங்கே படி கட்டலாம். ஆனால் புழக்கடைக்குப் போக என் சமையலறையைத் தாண்ட வேண்டும்.

என் சமையலறையில் வெளியார் யாரும் கால்வைத்ததில்லை. மாமியார் போட்ட சட்டம். அவர் போன பிறகு அதை அவரைவிடக் கறாராக நடத்தியவள் நான். எட்டு வருஷமாகக் கடைசி வீட்டு அம்மா மோர் கேட்டு வந்தாலும் வெளியே நின்றுதான் வாங்கிப் போவார்.

மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் கடைசி வீட்டில் மாவு இடிக்கும் உலக்கைச் சத்தமும் கேட்கவில்லை. நான்காம் நாள், "புழக்கடையிலேயே கட்டச் சொல்லுங்க" என்று கணவரிடம் சொன்னேன்.

படி முடிந்த காலையில், இடுப்பில் அப்பளக் கூடையோடு வந்து நிலைக்கு வெளியே நின்றார் அந்த அம்மா.

"வரட்டுங்களா?"

"வாங்க."

அடுப்பைப் பார்க்கவில்லை, பாத்திரங்களைப் பார்க்கவில்லை. ஒரு கையால் புடவையை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு, எதன் மேலும் பட்டுவிடாமல், சுவரோரமாகவே நடந்து போனார். அப்படி நடக்க எட்டு வருஷமாக அவரைப் பழக்கியவள் நான்தான். வெட்கத்தில் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.